இரவு நேர வீட்டுப் பராமரிப்பு

இரவு நேர வீட்டுப் பராமரிப்பு என்பது முதுமை, நோய், இயலாமை காரணமாகத் தனித்து இருக்க முடியாதவருக்கு அவரது வீட்டிலேயே இரவு முழுதும் துணையிருந்து உதவுவதாகும். திருகோணமலை நகரை அண்டிய அன்புவழிபுரம் போன்ற குடியிருப்புகளில் இதைப் பெரும்பாலும் குடும்பத்தாரே, அவர்களிலும் பெண்களே, செய்கின்றனர். பகலில் அயலவர் எட்டிப் பார்க்கலாம். இரவில் ஒருவர் உள்ளேயே இருந்தாக வேண்டும்.

வகைகள்

இது இரு வகைப்படும். ஒன்றில் துணையாள் விடியும்வரை விழித்திருப்பார். மற்றதில் அங்கேயே படுத்துறங்கி, கூப்பிட்டால் எழுந்து வருவார். மறதிநோயால் இரவில் எழுந்து நடமாடுபவருக்கும் தானாகப் புரள முடியாதவருக்கும் முதல் வகையே பொருந்தும்.

பணிகள்

படுக்கையில் இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வருவது குறையும். காற்று மெத்தை இருந்தால் இந்த இடைவெளி கூடலாம். மூக்குக் குழாய்வழி உணவு பெறுபவரின் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். இன்சுலின் போடுபவருக்கு நள்ளிரவில் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் சீனி குறைந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுவதைத் தவிர்க்கச் சிறு வெளிச்சமும் கைபிடியும் உதவும். அவசரத்துக்கு 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை உண்டு.

இலங்கையில்

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மக்களில் 12.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைப் பார்க்கும் கடமையைப் பிள்ளைகள்மீது சுமத்துகிறது; பராமரிப்புக் கேட்டு விண்ணப்பிக்க முதியோர் பராமரிப்புச் சபையையும் அமைத்தது. ஆனால் பிள்ளைகள் மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வேலை செய்யும் வீட்டுக்கு, அவர்கள் அனுப்பும் பணம் இராத்துணையாகிவிடாது. முதியோருக்கான தேசிய செயலகமும் 1986 இல் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்காவும் வீட்டுப் பராமரிப்பாளருக்குப் பயிற்சி அளித்துள்ளன. எனினும் இஸ்ரேல் போன்ற நாடுகளின் பராமரிப்பு வேலைகளும் இத்தகைய தொழிலாளரை ஈர்க்கின்றன.

கூலியும் சட்டமும்

உறங்கியிருக்கும் நேரம் வேலையா என்பது பல நாடுகளில் வழக்காகியுள்ளது. வீட்டு வேலையாளர் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 189 ஆம் சமவாயம் (2011), அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தை நாட்டின் சட்டமோ கூட்டு உடன்படிக்கையோ வகுக்கும் அளவுக்கு வேலை நேரமாகக் கொள்ளச் சொல்கிறது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில், உறங்கியிருக்கும் துணையாளுக்கு விழித்து வேலை பார்க்கும் நேரத்துக்கே குறைந்தபட்சக் கூலி உரித்தென்றது. ஆகவே அமர்த்தும்போதே எத்தனை முறை எழ வேண்டிவரும், இடையில் எவ்வளவு தூங்கலாம், எந்த நேரத்துக்குக் கூலி என்று பேசி முடிவுசெய்வது இரு தரப்புக்கும் நல்லது.