பறித்தது சோர்வா, மாத்திரையா?

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிற ஒருவர், "கொஞ்ச நாளா அந்த விஷயத்துல நாட்டமே இல்ல டாக்டர்" என்று சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று அந்த நோய். மற்றது அந்த நோய்க்கே கொடுத்த மாத்திரை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் செய்வது ஒன்றுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டின் தடமும் வேறு.

மனச்சோர்வு பாலியல் நாட்டத்தை மட்டும் தனியாகப் பறிப்பதில்லை. காலைக் காபி ருசிக்காது. தலை வாரத் தோன்றாது. டிவியில் வடிவேலு ஓடிக்கொண்டிருந்தாலும் முகத்தில் அசைவிருக்காது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்புத் தட்டும். குழந்தை மடியில் ஏறினால்கூடப் பாரமாகத் தெரியும். எதிலுமே இன்பம் இல்லாதபோது உடலுறவு மட்டும் எப்படித் தப்பும்? ஆனால் வீட்டில் இதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. "என்னைப் பிடிக்கவில்லை" என்று துணைவர் குமுறுவார். இல்லையேல் வேறு யாரோ இருப்பதாகச் சந்தேகிப்பார். அந்தச் சண்டை சோர்வை இன்னும் கூட்டும்.

மாத்திரையின் கதை வேறு. மனச்சோர்வு மருந்தான ஃப்ளூஆக்ஸடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸிடின் எல்லாம் அதே வகை. நரம்பணுக்களுக்கு இடையே செரோடோனினைக் கூட்டுவது இவற்றின் வேலை. மனதைத் தூக்கி நிறுத்தும் அந்தச் செரோடோனினே, ஆசையைத் தூண்டும் டோபமினைச் சற்று அடக்கியும் வைக்கிறது என்பதுதான் பொதுவான விளக்கம். அதனால் காபி ருசிக்கிறது, வேலைக்குப் போகிறார், வடிவேலுவுக்குச் சிரிக்கிறார். இரவில் மட்டும் மனமும் உடலும் அசைய மறுக்கின்றன. கூடவே இன்னொரு தடயமும் உண்டு: உச்சம் தள்ளிப்போகும், சிலருக்கு வரவே வராது. நோய் பெரும்பாலும் ஆசையோடு நின்றுவிடும். மாத்திரை உச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். விந்து முந்துதலுக்குக் கொடுக்கும் டபாக்ஸிடினும் இந்தக் குடும்பம்தான். ஒருவருக்குப் பக்கவிளைவு, இன்னொருவருக்கு வைத்தியம்!

குழப்பம் முதல் சில வாரங்களில்தான் அதிகம். மாத்திரையின் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகலாம். பாலியல் பக்கவிளைவோ அதற்கு முன்பே வந்து நிற்கும். அப்போது நோயும் மருந்தும் சேர்ந்தே அழுத்துகின்றன. இரண்டு மாதம் போல் கழிந்து, மற்ற எல்லாம் தேறியும் இது ஒன்று மட்டும் தேறவில்லை என்றால் மாத்திரைமேல் சந்தேகம் வலுக்கும்.

ஆளை மாற்றிப் பழி போட்டால் என்ன ஆகும்? காரணம் நோயாக இருக்க, மாத்திரையைச் சட்டென்று நிறுத்துகிறவர்கள் உண்டு. தலைச்சுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு என்று உடல் ஆட்டங்காணும். பராக்ஸிடினில் இது கூடுதல். பின்னாலேயே சோர்வும் திரும்பிவரலாம். மறுபக்கம், காரணம் மாத்திரையாக இருக்க, நோய் இன்னும் தீரவில்லை என்று அளவைக் கூட்டுவதும் நடக்கிறது. மாத்திரைதான் காரணம் என்றால், மருத்துவர் துணையோடு அளவைக் குறைக்கலாம். புப்ரோபியான், மிர்டாசபின் போன்ற, இந்தத் தொல்லை குறைவான மருந்துக்கு மாறலாம். சில்டெனாஃபில் விறைப்புக்கு உதவும்; இல்லாத ஆசையை அது வரவழைக்காது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலருக்குப் பாலியல் தொல்லை நீடிப்பதுண்டு. அதை மருந்துக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் சொன்னது.

தைராய்டு குறைவு, புரோலாக்டின் மிகை, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, மது, மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியும் வலியும் — இவையும் கணக்கில் உண்டு. இரண்டு தடயங்களிலும் அடங்காதபோது இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதே நியாயம்.

நம் ஊர் வெளிநோயாளர் பிரிவில் இவ்வளவும் பேச நேரமில்லை என்பார்கள். நேரத்தைவிடப் பெரிய தடை பக்கத்து நாற்காலி. அதில் மாமியாரோ அண்ணனோ உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் வாய் திறப்பாள்? ஆண்கள் கேட்கத் தெரியாமல் சுவரொட்டி லேகியத்துக்குப் போகிறார்கள். பெண்களிடம் யாரும் கேட்பதே இல்லை. மாத்திரை எழுதுகிற முதல் நாளே, கூட வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, "இப்போது நாட்டம் எப்படி?" என்று கேட்டுச் சீட்டில் குறித்துவைக்க ஒரு நிமிடம் போதும். அடுத்த முறை அவர் வரும்போது, நாட்டம் குறைந்தது எப்போது என்று சொல்ல அந்த ஒரு வரி இருக்கும்.