கேபிள் மேல் அச்சடித்த 50-ம் 75-ம்

கேபிள் டிவி ஒயரைக் கத்தியால் சீவிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் செம்பு நிறத்தில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக், அதன் மேல் வலை போல ஒரு பின்னல், கடைசியாகக் கறுப்பு உறை. பாடத்தில் கோ-ஆக்சியல் கேபிள் என்று படிக்கிறோமே, அதேதான். உறை மேல் பொடி எழுத்தில் 'ஆர்ஜி-6, 75 ஓம்' என்று இருக்கும். ஹாம் ரேடியோக்காரர் வீட்டுக்குப் போனால் 'ஆர்ஜி-58, 50 ஓம்' என்று இருக்கும். அது ஏன் 50, ஏன் 75? முழுசாக 100 என்று வைத்தால் என்ன? பரீட்சைக்கு இந்தக் கேள்வி வராது. ஆனால் பதில் தெரிந்தவர் கடையில் தப்பான கேபிள் வாங்க மாட்டார்.

கதை இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடிடம் தொடங்குகிறது. 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர், கல்லூரிப் பக்கமே போகாதவர். தந்தி கம்பெனி வேலையையும் 1874-ல் உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். (மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று நாம் மனப்பாடம் செய்யும் நான்கையும் இன்றைய வெக்டர் வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு இவருடையது. திட்ட வேண்டுமென்றால் இவரைத்தான் திட்ட வேண்டும்.) பக்கத்துப் பக்கத்தில் போகும் தந்திக் கம்பிகளில் ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கலந்துவிடும் தொல்லைக்கு அவர் சொன்ன வழி: ஒரு கடத்தியைக் குழாயாக்கி, மற்றதை அதற்குள்ளேயே வை. 1880-ல் இதற்கு பேட்டன்ட் வாங்கினார்.

வாங்கி என்ன? அன்றைய தந்திக்கும் தொலைபேசிக்கும் சாதாரண ஜோடிக் கம்பியே போதுமாக இருந்தது. அதிர்வெண் லட்சங்களைத் தொட்ட பிறகுதான் இந்தக் குழாய்க்கு வேலை வந்தது. 1929-ல் அமெரிக்க பெல் நிறுவனத்தைச் சேர்ந்த லாயிட் எஸ்பென்ஷீட், ஹெர்மன் அஃபெல் இருவரும் புதிதாக பேட்டன்டுக்கு விண்ணப்பித்தார்கள். 1931-ல் கிடைத்தது. 1936-ல் நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் இடையே சோதனைக் கேபிள் போடப்பட்டது. அதே வருடம் மார்ச் மாதம் ஜெர்மனியில் பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் நடுவே கோ-ஆக்சியல் வழியாக வீடியோ தொலைபேசியே தொடங்கிவிட்டார்கள்! அதற்கென்று அமைத்த அறைக்குப் போய், எதிர்முனையில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். போர் வந்ததும் 1940-ல் அது நின்றுபோனது.

இனி எண்களுக்கு வருவோம். 75 ஓம் என்பது மல்டிமீட்டரில் அளந்தால் வராது. கேபிளுக்குள் ஓடும் அலையில் வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள விகிதம் அது. கேபிள் ஒரு மீட்டரானாலும் ஒரு கிலோமீட்டரானாலும் மாறாது. வெளிக்குழாயின் உள்விட்டம், நடுக்கம்பியின் விட்டம், இடையில் நிரப்பியிருக்கும் பொருள், இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

வெளிக்குழாயை அப்படியே வைத்துக்கொண்டு நடுக்கம்பியைத் தடிமனாக்கினால் கம்பியின் தடை குறையும். ஆனால் இம்பீடன்ஸும் குறைவதால், அதே பவருக்கு அதிக கரண்ட் ஓட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இழப்பு மிகக் குறைவான ஓர் இடம் உண்டு. இடையில் காற்று மட்டும் இருந்தால் அந்த இடம் விட்ட விகிதம் 3.6, அதாவது 77 ஓம். உள்ளே தீப்பொறி பறக்காமல் மிக அதிக பவரை அனுப்ப வேண்டுமென்றால் விடை வேறு: விகிதம் 1.65, அதாவது 30 ஓம். டிரான்ஸ்மிட்டர்காரருக்கு 30 வேண்டும், ரிசீவர்காரருக்கு 77 வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 53.5 வரும். முதலில் வந்த ஆர்ஜி-58 கேபிளின் இம்பீடன்ஸும் 53.5 ஓம்தான்! பிறகு அது 50 ஆனது. 75 என்பது 77-க்குப் பக்கத்து வீடு. அரை அலைநீள டைபோல் ஆன்டெனாவின் 73 ஓமுக்கும் அது பொருந்திப்போகும்.

உள்ளே இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கும் ஒரு கதை உண்டு. 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவை ஆயிரம் மடங்குக்கு மேல் காற்றழுத்தத்தில் வைத்து வேறு எதையோ தேடினார்கள். பாத்திரத்தில் மெழுகு போல ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். 1939 செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்த அதே நாளில் பாலித்தீன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. உயர் அதிர்வெண்ணில் இவ்வளவு குறைந்த இழப்போடு, வளைக்கவும் வரும் பொருள் அன்று அபூர்வம். பிரிட்டிஷ் விமானங்களில் ரேடார் ஏறியதில் இதற்குப் பெரிய பங்குண்டு. கோ-ஆக்சியலில் பாலித்தீனை நிரப்பினால் இம்பீடன்ஸ் ஒன்றரையால் வகுபடும். 77 என்பது 51 ஆகிவிடும். ஆக, பாலித்தீன் கேபிளில் 50 ஓம் என்பது வெறும் சமரசம் அல்ல, இழப்பும் அங்கேதான் மிகக் குறைவு.

சரி, எதை வாங்குவது? டிரான்ஸ்மிட்டர் என்றால் 50 ஓம்தான், அதில் பேரம் கிடையாது. அதிலும் நீளத்தைப் பாருங்கள். 144 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 சுமார் 6 டெசிபலைத் தின்றுவிடும். செட்டிலிருந்து கிளம்பும் பவரில் கால்பங்குதான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். தடிமனான ஆர்ஜி-213 என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே போகும். செட்டை மாற்றுவதைவிட கேபிளை மாற்றுவது மலிவு.

வெறும் ரிசீவர் என்றால், எஸ்டிஆர் டாங்கிளில் 50 ஓம் என்று போட்டிருந்தாலும், நான் கேபிள் டிவிக்காரரின் ஆர்ஜி-6 கேபிளைத்தான் போடச் சொல்வேன். 75-ஐ 50-ல் மாட்டினால் திரும்பிப்போவது நூற்றில் 4 பங்கு பவர்தான். ஆர்ஜி-58 அதைவிட எத்தனையோ மடங்கை வழியிலேயே விழுங்கிவிடும்.

கடைசியாக, ஆர்ஜி எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் வைத்த பெயர். இன்று யார் வேண்டுமானாலும் எந்தக் கேபிள் மேலும் அச்சடிக்கலாம். பின்னல் எவ்வளவு நெருக்கம் என்று ஒரு முனையைச் சீவிப் பாருங்கள். நடுக்கம்பியில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு, மேலே செம்புப் பூச்சு. 100 மெகாஹெர்ட்ஸில் கரண்ட் ஓடுவது மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழத்தில்தான். அதனால் சிக்னலுக்கு எஃகு ஒரு குறையே இல்லை. ஆனால் அதே கம்பியில் டிஷ் ஆன்டெனாவுக்கு 13 அல்லது 18 வோல்ட் டிசி போக வேண்டுமே, அது முழுக்கம்பியிலும் ஓடும். கேபிள் நீளமாக இருந்தால் வோல்டேஜ் வழியிலேயே குறைந்துவிடும். அந்த இடத்துக்கு முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.