மண்ணில் ஓடும் ரிமோட் ரேஸ் கார்: பராமரிப்பு அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரலாறு

1/ மண்ல ஓடுற ரிமோட் ரேஸ் கார் ஒண்ணு வாங்கினா, கூடவே ஒரு பராமரிப்பு அட்டவணை வரும். ஓட்டுறதுக்கு முன்னாடி ரேடியோவைச் சோதி. ஷாக் ஆயிலை மாத்து. பேரிங்கைச் சுத்தம் பண்ணு. ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் போடு. எரிபொருளை வேற பாட்டில்ல ஊத்தி வைக்காதே. படிக்கும்போது ஏதோ சம்பிரதாயம் மாதிரிதான் தெரியும். ஆனா ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு தோல்வி இருக்கு. கடைசி வரி மட்டும் வண்டிக்காக எழுதினது இல்ல, மனுஷனுக்காக எழுதினது. ஒரு டாக்டர் ரிமோட் கார் பத்தி இழை போடுறதுக்கு அதுதான் காரணம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் பக்கம் இருக்கறவங்க கூடுதலா கவனிங்க. நம்ம ஊரும் இந்தக் கதையில வருது.

2/ முதல்ல இந்த வண்டி எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். சென்னையில கார் ரேஸ்னா பழைய ஆட்களுக்கு சோழவரம்தான் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. பிறகு இருங்காட்டுக்கோட்டை வந்தது. இரண்டுமே சமதளமான கெட்டித் தரை. அங்கே ஓடுற வண்டி தரையோட ஒட்டி, ஆடாம அசையாம நிக்கணும். மண் பாதையில இதே வண்டி நாலு அடி தாண்டாது. மண்ணுக்கு வேற உடம்பு வேணும்.

3/ அந்த உடம்பைக் கொடுத்தவங்கள்ல முக்கியமானவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த புரூஸ் மேயர்ஸ். 1964-ல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரோட மேல்கூட்டைக் கழட்டிட்டு, படகு மாதிரி ஒரு ஃபைபர் கிளாஸ் உடம்பை மாட்டினார். பேரு மேயர்ஸ் மேங்ஸ். 1967-ல் மெக்சிகோவின் பாஹா பாலைவனத்துல நடந்த நீண்ட தூரப் பந்தயத்துல அந்த ரக வண்டிதான் ஜெயிச்சது. எடுத்துக்கிட்ட நேரம் 27 மணி 38 நிமிஷம். 'டூன் பக்கி'ன்னு உலகமே பேச ஆரம்பிச்சது. (நம்ம ஊர்ல 'பக்கி'ன்னா திட்டு. இங்க வண்டி!)

4/ ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-ல் தன்னோட முதல் ரிமோட் காரை விட்டது, போர்ஷே 934. தரையில ஓடுற வண்டி. அதே நிறுவனம் 1979-ல் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர்னு இரண்டு பக்கிகளைக் கொண்டுவந்தது. பெரிய பக்கியோட சஸ்பென்ஷன் அமைப்பையே சின்ன உலோகப் பாகங்கள்ல செஞ்சிருந்தாங்க. பொம்மை மண்ணுல இறங்கினது அப்போதான். மண்ணுல இறங்கின அன்னைக்கே பராமரிப்பும் ஆரம்பிச்சது.

5/ அட்டவணையில முதல் வரி: ரேடியோவைச் சோதி. 1898-ல் நியூயார்க்ல நிகோலா டெஸ்லா ஒரு சின்னப் படகை ரேடியோவால ஓட்டிக் காட்டினார். அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்கு ஒரே தலைவலிதான், அலைவரிசை மோதல். 27 மெகாஹெர்ட்ஸ் காலத்துல இரண்டு பேர் ஒரே சேனல்ல ரிமோட்டை ஆன் பண்ணினா, உங்க வண்டி அவர் பேச்சைக் கேட்கும். அதனால பந்தய இடங்கள்ல யாருக்கு எந்தச் சேனல்னு வண்ண அடையாளம் போட்டுப் பிரிச்சாங்க.

6/ நம்ம நாட்டுல இன்னொரு சிக்கலும் இருந்தது. 1933-ம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி ரேடியோ கருவி வெச்சிருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில குறைந்த சக்திக் கருவிகளுக்கு அந்த உரிமத்திலிருந்து விலக்கு கிடைச்சது. வைஃபை, புளூடூத்தோட சேர்ந்து ரிமோட் காருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்துல, தானே காலி இடம் தேடிக்கிற 2.4 ரிமோட்டுகளும் சந்தைக்கு வந்தன. சேனல் சண்டை முடிஞ்சது.

7/ ஆனா சிக்னல் அறுந்தா என்ன ஆகும்ங்கிற கேள்வி முடியல. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில வளர்ந்த 'தக்ஷா' குழு ஞாபகம் இருக்கா? நடிகர் அஜித்குமார் ஆலோசகரா இருந்த குழு. 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில இரண்டாம் இடம் வாங்கினாங்க. தூரத்துல இருக்கிற நோயாளியிடமிருந்து ரத்த மாதிரியை எடுத்து வரணும் என்பதுதான் அந்தப் போட்டிக்கான காட்சி. இணைப்பு அறுந்தாலும் இயந்திரம் ஒழுங்கா நடந்துக்கணும், இல்லேன்னா ரத்தமும் வராது, விமானமும் வராது.

8/ சின்ன வண்டிக்கும் அதே பாடம்தான். சிக்னல் போனா ரிசீவர் தானா பிரேக் பிடிக்கிற மாதிரி 'ஃபெயில்சேஃப்' அமைக்கணும். எஞ்சின் வண்டியா இருந்தா கார்புரேட்டர் கைக்கு ஒரு சின்ன ஸ்பிரிங்கும் மாட்டணும். ரிசீவர் பேட்டரியே செத்துட்டா ஃபெயில்சேஃப் வேலை செய்யாது, ஸ்பிரிங்தான் எஞ்சினை அடக்கும். மூணு கிலோவுக்கு மேல எடை இருக்கிற வண்டி முழு வேகத்துல ஒரு குழந்தையோட கணுக்கால்ல மோதினா எலும்பு உடையும். அதனால ஒவ்வொரு முறையும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வெச்சு, ரிமோட்டை அணைச்சு, இதைச் சோதிங்க.

9/ அடுத்த வரி சஸ்பென்ஷன். இதுக்கு உதாரணம் தேடி ஜப்பான் போக வேண்டாம், பெருங்களத்தூர்-வண்டலூர் பக்கம் வந்தாப் போதும். அங்கேதான் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அங்கே உருவானது. பிரிட்டிஷ் வடிவமைப்பு. பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியா ஏறி இறங்கும் 'ஸ்விங் ஆக்சில்'. அந்த விலையில அது பெரிய விஷயம்.

10/ ஆனா ஸ்விங் ஆக்சில்ல ஒரு குணம் உண்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது அது சாயுற கோணமும் மாறிக்கிட்டே இருக்கும். அந்தக் கோணத்துக்குப் பேரு கேம்பர். வேகமா வளையும்போது வண்டியின் பின்பக்கம் தூக்கினா, சக்கரம் உள்பக்கமா மடங்கி பிடிப்பை விட்டுடும். மெக்கானிக்குகளுக்கும் வாங்குறவங்களுக்கும் அந்த அமைப்புமேல நம்பிக்கை வரல. 1972-ல் அடுத்த கார் 'கஸல்' வந்தபோது, ஸ்விங் ஆக்சிலை எடுத்துட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டுல கோக்கிற பழைய பாணி ஆக்சிலுக்கே திரும்பினாங்க.

11/ இதைப் பின்னடைவுன்னு சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கல. ஊர் ரோட்டுக்கும் ஊர் மெக்கானிக் கைக்கும் தகுந்த மாதிரி வண்டியை மாத்தினாங்க. ட்யூனிங்னா அதுதான். இன்னைக்கு பக்கியில கேம்பரை ஒரு சின்னத் தண்டைத் திருகியே மாத்தலாம். பின் சக்கரத்துக்கு ஒண்ணு இரண்டு டிகிரி உள்சாய்வுல ஆரம்பிங்க. வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே போடுங்க. துள்ளாம, தரையை இடிக்காம, சக்கரத்துக்குப் போற தண்டு கிட்டத்தட்ட கிடைமட்டமா வந்து நின்னா பாதி வேலை முடிஞ்சது.

12/ துள்ளாம நிக்க வைக்கிறது ஷாக்குக்குள்ள இருக்கிற எண்ணெய். 1984-ல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்.சி.10 பக்கியை விட்டது. அலுமினிய அடிச்சட்டம், நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் ஷாக். பொம்மைக் கடைக்காக இல்லாம பந்தயத்துக்குன்னே செஞ்ச வண்டி. 1985-ல் கலிஃபோர்னியாவின் டெல் மார்ல முதல் உலகப் போட்டி நடந்தபோது, இரண்டு சக்கர இயக்கப் பிரிவுல அதுதான் ஜெயிச்சது. வெறும் ஸ்பிரிங் வெச்ச வண்டி குதிக்கும், எண்ணெய் இருக்கிற வண்டி ஓடும்னு அதுக்கப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்ல.

13/ இந்த ஷாக்ல ஊத்துறது சிலிகான் எண்ணெய். சூடு ஏறினா இளகும், குளிர்ந்தா இறுகும். குளிர் நாட்டுக்காரர் எழுதின செட்டப்பை அப்படியே காப்பி அடிச்சு மே மாசத்துத் தாம்பரத்துல ஓட்டினா, வண்டி படகு மாதிரி ஆடும். வெயில் காலத்துக்கு ஒரு படி கெட்டியான எண்ணெய், மார்கழிக் காலைக்கு ஒரு படி இளகினது. அழுக்காகி நிறம் மாறின எண்ணெயை மாத்திடுங்க. உள்ளே காற்றுக் குமிழி இல்லாமப் பார்த்துக்குங்க.

14/ டிஃபரன்ஷியல் கதையும் சுவாரசியம். வளைவுல வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள் சக்கரம் குறைவா ஓடணும். இந்த வித்தியாசத்தைச் சின்ன வண்டியில நுணுக்கமா சரிசெய்ய, இங்கிலாந்தின் செசில் ஷூமேக்கர் எஃகு உருண்டைகளை வெச்சு 'பால் டிஃப்' செஞ்சார். 1987 உலகப் போட்டியில நாலு சக்கர இயக்கப் பிரிவுல மசாமி ஹிரோசாகா ஜெயிச்சது ஷூமேக்கர் வண்டியில. பின்னாளில் மொத்தம் 14 உலகப் பட்டம் வாங்கின மனுஷன் அவர். பெரிய பக்கிகள்ல இப்போ பல்சக்கர டிஃபுக்குள்ள கெட்டி சிலிகான் எண்ணெய் ஊத்தறோம். அது தேனை விடக் கெட்டியாவும் இருக்கலாம். அந்த எண்ணெய் கசிஞ்சா, வண்டி வளைவுல சொன்ன பேச்சு கேட்காது.

15/ இப்போ நம்ம மண். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில இருக்கிற கல்லும் இதே வகைதான்னு கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அதுக்கு 'சார்னோகைட்'னு பேர் வெச்சார். அதுல குவார்ட்ஸ் நிறைய. குவார்ட்ஸ் சாதாரண எஃகையே கீறும். திரிசூலம், பல்லாவரம் வட்டாரத்துக் குவாரித் தூசியில வண்டி ஓட்டினா, பேரிங்குக்குள்ள உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதுக்குச் சமம்.

16/ அதனாலதான் நுரை ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் போடச் சொல்றாங்க. காய்ஞ்ச நுரை நுண் தூசியை விட்டுடும், எண்ணெய் பட்ட நுரை பிடிச்சு வெச்சுக்கும். எண்ணெய் போடாத ஒரே ஒரு ஓட்டம் போதும், எஞ்சினோட பிஸ்டன் தேய்ஞ்சு அமுக்கம் போயிடும். ஒரு டாக்டர் குறிப்பு: இதே தூசிதான் கல் உடைக்கிற தொழிலாளியோட நுரையீரலுக்குள்ள போய் சிலிகோசிஸ் நோயைத் தருது. அவங்க வருஷக்கணக்கா சுவாசிக்கிறாங்க, நாம சில நிமிஷம்தான். ஆனாலும் மூடின அறைக்குள்ள காற்றடிச்சுத் தூசி தட்டாதீங்க. வெளியில, மாஸ்க் போட்டுக்கிட்டுச் செய்ங்க.

17/ கடைசி வரிக்கு வருவோம், எரிபொருள். 1947-ல் ரே ஆர்டன் 'க்ளோ பிளக்'கைக் கொண்டுவந்தார். அதுக்கு முன்னாடி சின்ன எஞ்சினுக்குக் கூட பேட்டரி, காயில்னு கனமான மூட்டை வேணும். க்ளோ பிளக்ல ஒரு பிளாட்டினம் கம்பி. மெத்தனால் ஆவி பட்டா அது தானே கனன்றுகிட்டே இருக்கும். எஞ்சின் லேசாச்சு. அன்னையிலிருந்து இந்த எஞ்சின்களின் சோறு மெத்தனால்தான். கூட 10 முதல் 30 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன், கொஞ்சம் எண்ணெய்.

18/ ட்யூனிங் விதி எளிது. எரிபொருள் குறைஞ்சா எஞ்சின் சூடாகி வேகும், கூடினா புகைஞ்சு சோம்பும். புகை லேசாத் தெரியணும். மேயில சரியா இருந்த நீடில் ஜனவரிக் காலையில சரியா இருக்காது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதுக்குக் கூடுதல் எரிபொருள் வேணும். ஓட்டி முடிச்சதும் டேங்கைக் காலி பண்ணி, எஞ்சினுக்குள்ள சில சொட்டு எண்ணெய் விடுங்க. மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நம்ம கடற்கரைக் காற்றுக்குத் துரு பிடிக்கச் சொல்லித் தர வேண்டாம்.

19/ இப்போ டாக்டரா பேசறேன். 2023 மே மாசம் மரக்காணத்திலும் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறிச்சது இதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. அது கள்ளச்சாராயத்துல வந்தது, ரிமோட் கார் எரிபொருள்ல இல்ல. ஆனா உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமா மாத்தும். அது கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தை அமிலமாக்கும். 10 மில்லி அளவே பார்வையைப் பறிச்சதுண்டு. குழந்தைக்கு அதுவும் வேண்டாம்.

20/ இந்த எரிபொருளுக்குப் பெரும்பாலும் சாயம் சேர்ப்பாங்க. இளஞ்சிவப்பு, பச்சைன்னு சர்பத் மாதிரி இருக்கும். அதை யாராவது கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வெச்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. குடிச்ச உடனே பெருசா ஒண்ணும் தெரியாது. பல மணி நேரம் கழிச்சுத்தான் பார்வை மங்கும், மூச்சு வாங்கும். 'நல்லாத்தானே இருக்கான்'னு வீட்ல வெச்சுப் பார்க்காதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க, பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. மாற்று மருந்தும் டயாலிசிசும் இருக்கு. நேரத்துக்குப் போனா காப்பாத்தலாம்.

21/ பாட்டில் ஏன் முக்கியம்னா, இன்னொரு வரலாறு. கிரியேட்டினின் பார்க்கிற பழைய முறையை மேக்ஸ் யாஃபே 1886-ல் விவரிச்சார். பல ஆய்வகங்கள்ல இன்னைக்கும் அதன் வழிதான். நைட்ரோமீத்தேன் அந்தச் சோதனையை ஏமாத்தும். சிறுநீரகம் நல்லா இருக்கும்போதே செயலிழந்த மாதிரி ரிப்போர்ட் வரும். உள்ளே போனது என்னன்னு தெரிஞ்சாத்தான் மருத்துவர் சரியான நோயைத் துரத்துவார், என்சைம் முறையில திரும்பச் சோதிக்கச் சொல்வார்.

22/ 'நான் பேட்டரி வண்டிதான்'னு தப்பிக்க முடியாது. லித்தியம் பாலிமர் பேட்டரியை ஆள் இல்லாத அறையில சார்ஜ் போடாதீங்க. வெயில்ல நிக்கிற காருக்குள்ள விடாதீங்க. ஓட்டாத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க. உப்பிப்போனதைத் திரும்பப் பயன்படுத்தாதீங்க. நைட்ரோ வெச்சிருக்கறவங்க எரிபொருளை அதோட கேன்லயே, பேர் தெரியுற மாதிரி, பூட்டி வைங்க. மெத்தனால் தீ பகல்ல கண்ணுக்கே தெரியாது, அதனால அடுப்பு, விளக்குப் பக்கம் கொண்டு போகாதீங்க.

23/ ஹெரால்டு தயாரிச்ச தொழிற்சாலை 1988-ல் உற்பத்தியை நிறுத்தியாச்சு. மெக்கானிக் சொன்னதைக் கேட்டு ஆக்சிலை மாத்தின அந்தப் புத்தி மட்டும் நமக்கு மிச்சம். வண்டியோட வந்த அட்டவணையை ஒருமுறை எடுத்துப் படிங்க. நம்ம வெயிலுக்கும் நம்ம தூசிக்கும் ஏத்த மாதிரி பேனாவால திருத்திக்கங்க. எரிபொருள் வரியை மட்டும் திருத்தாதீங்க. ரிமோட் கார் வெச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா இந்த இழையை அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க.