சிறு கணிப்பொறிக்குக் கிடைத்த கொடை

மதுரையினின்று எத்திசையில் புறப்பட்டாலும் சில கல் தொலைவுக்குள் ஒரு கண்மாயைக் காணலாம். வைகை ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு அன்று. ஆதலின் நம் முன்னோர் கண்மாய்களைத் தொடராக அமைத்தனர். மேலைக் கண்மாய் நிரம்பினால் மறுகால் வழியே நீர் கீழைக் கண்மாய்க்குச் செல்லும். வெள்ளம் முழுவதையும் ஒரே கண்மாய் தேக்கிவைக்க வேண்டுவதில்லை. மாணவ நண்பர்களே, நான் இன்று பேச வந்தது பாசனத்தைப் பற்றியன்று, கணிப்பொறியைப் பற்றி. ஆயினும் இந்த மறுகாலைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

1984-85ஆம் கல்வியாண்டில் நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறிகளை வழங்கியது. மதுரையை அடுத்த ஒரு பள்ளியில் அத்தகைய பொறியின் முன் நானும் அமர்ந்தேன். வாரத்தில் ஒரு மணி நேரம்; ஒரு பொறிக்கு அறுவர். எஞ்சிய நேரமெல்லாம் அது பூட்டிய அலமாரியில் துயின்றது.

அப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட். வண்ணப் படம் வரையத் திரையை அமைத்தால் அதற்கே 20 கிலோபைட் போய்விடும். கேசட் நாடாவுடன் இயங்கிய பொறியில், பிற தேவைகளும் போக, நம் நிரலுக்கு எஞ்சியது எட்டரை கிலோபைட். பைட்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து என்று கொண்டால், பாடநூலின் நாலைந்து பக்கங்கள்! அதில் பேசிக் மொழியில் எழுதினோம். பேசிக்கைப் பொறி ஒவ்வொரு வரியாகப் படித்து, அவ்வப்போதே பொருளறிந்து செய்யும். ஒரே வரி நூறு முறை வந்தால் நூறு முறையும் பொருளறிய வேண்டும். ஆகவே வேகம் குறையும். கம்பைலர் என்பது, தமிழில் தொகுப்பி என்பர், நிரல் முழுவதையும் முன்கூட்டியே பொறிமொழிக்கு மாற்றிவிடுவது. விரைவு மிகுதி, ஆனால் அந்தக் கம்பைலருக்கே இடம் வேண்டுமே!

அக்காலத்தில் அதை விலை கொடுத்தும் வாங்கவேண்டும். 1976ஆம் ஆண்டு பிப்ரவரியில் பில் கேட்ஸ், தம் நிறுவனத்தின் பேசிக்கைப் பொழுதுபோக்காளர் பலர் பணம் தராமல் படியெடுக்கின்றனர் என்று வெளிப்படையான கடிதம் எழுதினார். அவர் மனக்குறை பொய்யன்று. உழைப்பவனுக்கு ஊதியம் வேண்டும். ஆயின் வேறொரு வழியும் அதே ஆண்டில் திறந்தது. 'டாக்டர் டாப்ஸ்' என்ற அமெரிக்க இதழ், 'டைனி பேசிக்' என்னும் சிறிய மொழியின் நிரல்களை எவரும் எடுத்துக்கொள்ளுமாறு அச்சிடத் தொடங்கியது. படிப்பவர் அவ்வரிகளைத் தம் கையாலேயே பொறியில் தட்டெழுத வேண்டும். ஏட்டுச் சுவடியைப் படியெடுத்த நம் புலவர்களுக்கு இவ்வுழைப்பு புதிதாகத் தோன்றியிராது.

1980 மே மாதத்தில் அவ்விதழில் ரான் கெயின் என்பவர் 'ஸ்மால் சி' என்னும் கம்பைலரை முழுமையாக வெளியிட்டார். பெரிய கணிப்பொறிகளில் வழங்கிய சி மொழியின் ஒரு பகுதி அது. 8080 என்னும் சிறு செயலிக்காக எழுதப்பட்டது. அச்செயலி 64 கிலோபைட்டுக்கு மேல் நினைவகத்தை நேராக அணுக இயலாது.

எவ்வாறு இடத்தைச் சுருக்கினார்? இங்கேதான் மறுகால். நிரல் முழுவதையும் அவர் நினைவகத்தில் தேக்கவில்லை. ஒரு வரி உள்ளே வரும். உரிய செயலிக் கட்டளைகளாக மாறும். உடனே வெளியே எழுதப்படும். அடுத்த வரி வரும். தங்குவது பெயர்ப்பட்டியலும் அதுபோன்ற சிலவுமே. வெளிவந்த கட்டளைகளைப் பொறி எண்களாக்கும் வேலையை அசெம்பிளர் என்னும் வேறொரு நிரல் பின்னர்ச் செய்யும். பலவற்றைத் துறக்கவும் நேர்ந்தது. தசம எண் இல்லை. முழு எண்ணும் எழுத்தும் மட்டுமே. உண்டாகும் பொறிமொழியும் அத்துணைச் செட்டானதன்று. ஆயினும் அந்தக் கம்பைலர் தன் மொழியிலேயே எழுதப்பட்டிருந்தமையால், தன்னைத் தானே மாற்றிக்கொள்ள வல்லதாயிற்று. ஒரு மாணவன் அதைத் திருத்தி, பழைய வடிவத்தைக் கொண்டே புதிய வடிவத்தை ஆக்கிக்கொள்ளலாம். என் கருத்தில், விலையின்மையினும் பெரிய நன்மை இதுவே.

ஜேம்ஸ் ஹெண்ட்ரிக்ஸ் அதை விரிவாக்கினார். அதன் வழிவந்த ஒன்றை ஜான் டன்னிங் அடாரி வீட்டுக் கணிப்பொறிகளுக்கு ஏற்ப அமைத்தார். அதனை 1998 முதல் உல்ரிக் ஃபான் பாசெவிட்ஸ் 'சிசி65' என வளர்த்தார். அது 6502 செயலிக் குடும்பத்துக்கு உரியது. எங்கள் பள்ளியின் பிபிசி மைக்ரோவிலும் அதே 6502தான் இருந்தது.

அது தெரியவந்தபோது எனக்குச் சிறிது வருத்தமே தோன்றிற்று. நாங்கள் அலமாரித் திறவுகோலுக்குக் காத்திருந்த நாளிலேயே 'ஸ்மால் சி' அச்சில் வந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம் என்று வைத்த அந்தப் பக்கங்கள் எங்கள் ஊர் நூலகத்தை எட்டவில்லை. ஆசிரியரும் அறியார். விலை இல்லை என்பதனாலேயே ஒரு பொருள் கைக்கு வந்துவிடுவதில்லை. மறுகால் இருந்தும் வாய்க்கால் தூர்ந்தால் கீழைக் கண்மாய் வறண்டுதான் கிடக்கும்.

பல ஆண்டுகளுக்குப் பின் அப்பள்ளிக்குச் சென்றேன். பொறிகளைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அலமாரி இருந்தது, அதில் விடைத்தாள்கள். வீடு திரும்பி, சிசி65இன் மூல நிரலை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். இப்போது ஞாயிறுதோறும் கல்லூரி மாணவர் இருவர் வருகின்றனர். சிறு நிரல்களை எழுதி, கம்பைலர் வெளியிடும் கட்டளைகளை வரிவரியாகப் படிக்கிறோம். சென்ற வாரம் ஒரு பெருக்கல் கணக்கில் இரண்டு கட்டளைகளைக் குறைக்க வழியுண்டா என்று வாதிட்டதில் பொழுது சாய்ந்துவிட்டது.