கல்கத்தாவின் பாட்டு வாத்தியார்கள்

தமிழ்நாட்டில் பாட்டு வாத்தியார் எனப்படுபவரைக் கல்கத்தா ‘கானேர் மாஸ்டர்’ என்று அழைத்தது. மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டு, வாரத்தில் குறித்த நாட்களில் வீடு தேடிவந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் இந்தத் தொழிலுக்கு, சங்கீதப் பரம்பரைகளைப் பற்றிய நூல்கள் பெரிய இடம் எதையும் தருவதில்லை. ஆயினும் அரசவைகள் ஓய்ந்தபின் ஹிந்துஸ்தானி இசை அந்நகரின் நடுத்தரக் குடும்பங்களில் வேர்விட்டதற்கு, மேடைக் கச்சேரிகளைக் காட்டிலும் இந்த வீட்டுப் பாடங்களே காரணம் என்று கொள்வதே பொருத்தம்.

மல்ல மன்னர்களின் தலைநகராயிருந்த விஷ்ணுபூரிலிருந்து துருபத் பாடகர்கள், அதாவது தாளக்கட்டும் நிதானமும் மிக்க பழைய பாட்டுமுறையில் தேர்ந்தவர்கள், கல்கத்தாவின் செல்வர் வீடுகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்து பயிற்றுவித்தனர். அவர்களுள் புகழ்பெற்ற ஜது பட்டர் (1840–1883) ஜோராசாங்கோவிலுள்ள தாகூர் மாளிகையில் ஆசிரியராயிருந்தார். அங்கே வளர்ந்த ரவீந்திரநாதர், தாம் ஒழுங்காக உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை என்றும் காதில் விழுந்தவற்றையே சேர்த்துக்கொண்டதாகவும் பிற்காலத்தில் எழுதினார். 1856இல் ஆங்கிலேயரிடம் அவத் நாட்டை இழந்த நவாப் வாஜித் அலி ஷா, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியத்துடன் ஹூக்ளிக் கரையிலுள்ள மட்டியாபுருஜில் குடியேறியபோது, டும்ரி என்னும் பாவம் ததும்பும் பாட்டுவகை அவருடன் நகருக்குள் நுழைந்தது. 1887இல் அவர் மறைந்ததும் அவரை நம்பியிருந்த கலைஞர்கள் புதிய ஆதரவு தேட வேண்டியதாயிற்று.

பழைய முறையில், உஸ்தாத் ஒருவர் சீடனின் மணிக்கட்டில் ‘கண்டா’ எனப்படும் கயிற்றைக் கட்டி, கடலையும் வெல்லமும் ஊட்டினால்தான் பாடம் தொடங்கும். அதன்பின் சீடன் குருவின் வீட்டுப் பிள்ளைபோல ஆண்டுக்கணக்கில் காத்திருப்பான். பாதுரியாகாட்டாவைச் சேர்ந்த சௌரீந்திரமோகன் தாகூர் 1871இல் நிறுவிய வங்காள சங்கீதப் பள்ளி, கயிறு கட்டிக்கொள்ளாதவர்க்கும் கல்வி உண்டு என்ற வழியைத் திறந்தது. அதே காலத்தில் இசையை ஏட்டில் எழுதும் முறைகளும் உருவாயின. ஜோராசாங்கோவின் துவிஜேந்திரநாதர் தொடங்கிவைக்க, அவர் தம்பி ஜோதிரிந்திரநாதர் செம்மைப்படுத்திய ‘ஆகாரமாத்ரிக்’ முறையில், ஸ்வர எழுத்தை அடுத்து வரும் ஆகாரக் குறியே, அதாவது நம் துணைக்காலை ஒத்த அந்த நெட்டைக் கோடே, ஒரு மாத்திரையைக் குறிக்கும்; கோமள ஸ்வரங்களுக்குத் தனித்தனி எழுத்துகளே உண்டு. ஆகவே வாத்தியார் மாணவியின் நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போன பாட்டை, அடுத்த வகுப்புவரை அவள் தானே பார்த்துப் பாடிப் பழக முடிந்தது.

துவாரகாநாத் கோஷின் டுவார்க்கின் நிறுவனம் 1880களில் இந்தியர் வழக்கத்துக்கு ஏற்ப வடிவமைத்த கைத் துருத்தி ஹார்மோனியம் இக்கல்விக்கு மற்றொரு துணையாயிற்று. பாயில் அமர்ந்து, இடக்கையால் துருத்தியை அசைத்து, வலக்கையால் கட்டைகளை அழுத்திக்கொண்டு, நமது சரளி வரிசையை ஒத்த ‘பல்டா’க்களைப் பாடும் சிறுமி, அந்நகரின் மாலை நேரத்துக்கே உரிய காட்சியானாள். ஹார்மோனியம் கமகங்களை விழுங்கிவிடும் என்ற குறை நியாயமானதே. 1940இல் வானொலி அதனை விலக்கியும் வைத்தது. எனினும் தம்பூரா வாங்க இயலாத வீட்டுக்குள் சுருதியைக் கொண்டுவந்தது அந்தப் பெட்டிதான்.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் உச்சம் தொட்டது. சாரங்கிக் கலைஞர் பாதல் கானிடம் பீஷ்மதேவ் சட்டோபாத்யாயர் பயின்றார். திரிபுரா அரச குடும்பத்தில் பிறந்த சச்சின் தேவ் பர்மன், பார்வையற்ற பாடகர் கிருஷ்ண சந்திர டே, பீஷ்மதேவ் ஆகிய இருவரிடமும் கற்று, பம்பாய்த் திரையுலகுக்குச் செல்லுமுன் தாமும் கல்கத்தாவில் டியூஷன் எடுத்தார். 1938இல் அவர் மணந்த மீராவும் அவருடைய மாணவியே. பங்கஜ் மல்லிக் 1929இல் தொடங்கிய வானொலி இசைப் பாடமோ, வாத்தியார் வைத்துக்கொள்ள வசதியற்ற வீடுகளையும் எட்டியது.

இந்த ஆசிரியர்களுள் கிரிஜாசங்கர் சக்கரவர்த்தி (1885–1948) தனித்து நிற்கிறார். துருபத், கயால், டும்ரி ஆகிய மூன்று பாட்டுவகைகளையும் பல உஸ்தாத்களிடம் தேடிக் கற்ற அவர், கற்றதை ஒரு குடும்பத்துக்குள் பூட்டிவைக்காமல் ஒரு தலைமுறைக்கே வழங்கினார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர், 1920இல் சென்னையில் பிறந்து, ரயில்வேயில் பணியாற்றி, கல்கத்தாவையே தம் ஊராக்கிக்கொண்ட ஏ. கானன். பிற்காலத்தில் அவரும் அவர் மனைவி மாளவிகா கானனும் டாலிகஞ்சிலுள்ள ஐடிசி சங்கீத ஆய்வுக்கழகத்தில் குருமார்களாக அமர்ந்தனர்.

ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ (1960) படத்தில், அகதிக் குடியிருப்பில் வாழும் சங்கர், தங்கை நீதாவின் சொற்ப வருமானத்தில் உயிர்வாழும் வீட்டிலிருந்து வந்து நீர்க்கரையில் சாதகம் செய்கிறான். அவனுக்குப் பின்னால் ரயில் கடந்து செல்கிறது. அவனுக்குக் குரல் தந்தவர் கானன். அவர் பாடியது ஹம்ஸத்வனி, முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ராகம்.