கட்டுமரமும் வேகமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் புன்னைக்காயல். அங்கிருந்து தெற்கே மணப்பாடு, உவரி, இடிந்தகரை என நம் கடலோர ஊர்கள் நீண்டு செல்கின்றன. இவ்வூர்களின் முன்னோர் நாள்தோறும் நாவில் வழங்கிய ஒரு சொல், இன்று உலகின் அதிவேகப் பந்தயப் படகுகளுக்குப் பெயராகி நிற்கின்றது. அதுவே 'கட்டுமரம்'. நாம் அதைப் பெருமையோடு நினைப்பதில்லை; வறுமையின் அடையாளமாகவே கருதி வந்துள்ளோம்.

கட்டுமரத்தின் அமைப்பு மிக எளியது. எடை குறைந்த சில மரத்தண்டுகளை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைத்துவிட்டால் கலம் ஆயத்தம். ஏறிவரும் அலைநீர் இடுக்குகளின் வழியே தானே வடிந்துவிடும். எனவே அது நீர் நிரம்பி மூழ்குவதில்லை. கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். கடலை எதிர்த்து நிற்காமல், அதற்கு இடங்கொடுத்துப் பிழைக்கும் கலம் அது.

1697இல் வெளியான தம் பயண நூலில், ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பெயர் சுட்டி விவரித்தார். காலப்போக்கில் மேலைநாட்டார் அப்பெயரைப் பசிபிக் தீவுகளின் இரட்டை உடற் படகுகளுக்கும் சூட்டினர். நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல்கள் இல்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. 1876இல் நியூயார்க்கில் நடந்த பாய்மரப் பந்தயத்தில் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் தாம் வடிவமைத்த 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை உடற் படகைச் செலுத்தி, ஏனைய படகுகளைப் பின்தள்ளினார். தோற்றவர்கள் ஆட்சேபித்தனர், அவ்வகைப் படகு வழக்கமான பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டது.

படகின் வேகத்துக்குத் தடை எது? அது தானே எழுப்பும் அலைதான். நீரைப் பிளந்து செல்லும் படகு, ஓர் எல்லைக்குமேல் தன் அலையையே மலைபோல் ஏற வேண்டியுள்ளது. இதற்கொரு வழியை 1872இல் முன்வைத்தவர், சார்லஸ் மீட் ராமஸ் என்னும் ஆங்கிலிக்கன் பங்குக்குரு என்பது நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். படகின் அடிப்பகுதியைப் படிபோல் அமைத்தால், வேகம் கூடும்போது அது நீரைப் பிளக்காமல் நீரின்மேல் எழுந்து சறுக்கும் என்றார் அவர். அக்கால நீராவி இயந்திரங்களின் எடை அதற்கு இடந்தரவில்லை. இலகுவான பெட்ரோல் இயந்திரம் வந்தபின்னரே அக்கருத்து உயிர்பெற்றது.

இன்றைய ஃபார்முலா 1 விசைப்படகுகளில் இவ்விரு வழிகளும் ஒன்றாகின்றன. இரு பக்க உடல்களுக்கு நடுவே புகும் காற்று படகைத் தூக்க, பின்பகுதி மட்டுமே நீரைத் தொட, மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அவை பாய்கின்றன. 2018 நவம்பரில் ஆந்திரத்தின் அமராவதியில், கிருஷ்ணா நதியிலும் அப்பந்தயம் நடைபெற்றது. ஆனால், தூக்கும் காற்றே கவிழ்க்கவும் வல்லது. 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் புதிய சாதனைக்கு முயன்ற டொனால்ட் கேம்பலின் 'புளூபேர்ட்' படகு, முகப்பு மேலெழுந்து குட்டிக்கரணமடித்து நொறுங்கியது. அவர் உயிர் பிழைக்கவில்லை.

வேகம் எதற்காக என்னும் வினா இங்கே எழுகின்றது. நம் கரையிலும் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் வெளிப்பொருத்து இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன. முதலில் கரை சேரும் மீனுக்கே நல்ல விலை. ஆகவே இங்கும் ஒரு பந்தயம் உண்டு. அதில் பரிசுக்கோப்பை இல்லை. எரிபொருட்செலவும் கடனுமே உண்டு.

எனினும் 2023 டிசம்பர் 17, 18 நாள்களை எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது; ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் தொடர்வண்டிப் பயணிகள் ஏறத்தாழ 800 பேர் சிக்கித் தவித்தனர். அப்போது கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளோடு உள்நாட்டுக்கு வந்து மக்களை மீட்டனர். கடலிலிருந்து ஆற்றுச் சமவெளிக்குப் படகு வந்த நாள்கள் அவை. சுவரும் மின்கம்பியும் நீரில் மறைந்து கிடக்கும் தெருவில் எந்தப் படகும் விரைந்து ஓட இயலாது. கழியால் ஆழம் பார்த்து மெல்லத்தான் நகர வேண்டும்.

உலகின் விரைவுப் படகுகளுக்குப் பெயர் கொடுத்த மக்கள், அன்று தங்கள் படகுகளை மிக மெதுவாகச் செலுத்தினர். கூரைமேல் காத்திருந்த குடும்பங்களுக்கு அவர்கள் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தவர்கள். அந்த மக்களுக்கு நாம் என்ன கைம்மாறு செய்தோம்?