பிரம்பின் பரம்பரை

“கண்ணிரண்டை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா, மற்ற இடமெல்லாம் தோலை உரித்துவிடுங்கள்!”

பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க வந்த தந்தை ஒருவர் நம்மிடம் கூறிய சொல் இது. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது என்றோம். அவர் முகம் வாடியது. “நாங்களெல்லாம் அடிபட்டு ஆளானவர்கள் அன்றோ?” என்றார்.

அடித்த கையை அடிபட்டவனே கும்பிடும் இவ்விந்தை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே வட ஆப்பிரிக்காவில் அது ஏட்டில் ஏறிவிட்டது.

தகாஸ்தே என்னும் ஊரில் 354-இல் பிறந்தவர் அகஸ்டின். கிறித்துவ உலகம் புனிதர் எனப் போற்றும் பேரறிஞர். நாற்பது வயதைக் கடந்தபின் எழுதிய தன்வரலாற்று நூலில் தம் பள்ளி நாட்களைப் பேசுகிறார். பாடத்தில் பிந்தினால் அடி, பந்தாடினால் அடி. அடிபடாதிருக்க வேண்டுமென்று அச்சிறுவன் ஆண்டவனிடம் மன்றாடினான். ஆண்டவன் செவி சாய்க்கவில்லை. (சாய்த்ததாக எந்த மாணவனும் இதுவரை நம்மிடம் கூறியதில்லை!) பெற்றோரோ அவன் தழும்பைக் கண்டு நகைத்தனர். அடித்த ஆசிரியரையும் அவர் விடவில்லை. அற்பச் சொல்லாராய்ச்சியில் சக ஆசிரியரிடம் தோற்றால், பந்தாட்டத்தில் தோற்ற சிறுவனைவிடப் பொறாமையால் வெந்தவர் அந்த ஆசிரியர் என்கிறார்.

இத்துணைத் தெளிவு பெற்றவர் பிரம்பை வெறுத்தாரா? இல்லை! வற்புறுத்தியிராவிடில் தாம் கற்றிருக்கவே மாட்டோம் என்று அதே நூலில் எழுதுகிறார். பின்னாளில் எழுதிய ‘கடவுளின் நகரம்’ நூலிலோ, மீண்டும் குழந்தையாவதா சாவதா என்று கேட்டால் சாவைத் தேர்ந்தெடுக்காதவர் யார் என்கிறார். நடுக்கமும் போகவில்லை, பிரம்பின் மீது கொண்ட நம்பிக்கையும் போகவில்லை. அந்த நம்பிக்கை பள்ளியோடு நின்றதா? ஆயராக அமர்ந்தபின், பிரிந்து நின்ற தொனாத்தியக் கிறித்துவரை அரசின் தண்டனையால் அடக்குவதை ஆதரித்தார். அடிப்பவரெல்லாம் பகைவரல்லர் என்பது அவர் காட்டிய நியாயம். சிறுவன் முதுகில் விழுந்த அடி, முதியவரின் பேனாவிலே கொள்கையாக எழுந்தது!

செர்மனியின் மார்ட்டின் லூதரும் அடிபட்டு வளர்ந்தவர்தாம். ஒரு கொட்டைப் பருப்புக்காகத் தாய் குருதி வர அடித்ததை முதிர்ந்த வயதிலும் நினைவுகூர்ந்தார். தாம் படித்த பள்ளிகளை 1524-இல் நரகம் என்றே எழுதினார். ஆயினும் அவர் பிரம்பை வீசி எறியவில்லை. அதன் அருகே ஓர் ஆப்பிளையும் வைக்கச் சொன்னார், அவ்வளவே.

பிரெஞ்சு நாட்டில் 1533-இல் பிறந்த மொந்தேய்னின் கதை வேறு. இசை ஒலியால் மகனைத் துயிலெழுப்பிய தந்தை அவருடையவர். சாட்டையும் கண்ணீருமின்றி இலத்தீன் கற்றார். இளமையில் இருமுறை மட்டுமே, அதுவும் மெல்ல, பிரம்பின் சுவை கண்டதாகக் கூறுகிறார். 1580-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைகள், அக்காலப் பள்ளிகளைச் சிறுவரின் சிறைகள் என்று சாடின. பிறந்த ஆறு பெண்மக்களில் பிழைத்தவள் லெயொனோர் ஒருத்தியே. ஆறு வயது கடந்தும் அவளைத் திருத்தச் சொல்லன்றி வேறு கருவி எடுக்கவில்லை என்றும், தம் தந்தையிடம் தாம் பெற்றதைத் தம் மக்களுக்குத் தரக் கடமைப்பட்டிருப்பதாகவும் எழுதினார்.

மூவரைக் கொண்டு விதி வகுக்க நாம் துணியோம். அடிபட்டும் அடிக்காதவர் உண்டு. எனினும், அடியால்தான் ஆளானோம் என்ற சொல்லைக் கேட்குந்தோறும் அகஸ்டின் நம் நினைவில் வந்து நிற்கிறார்.

எதற்காக அடித்தார்கள் என்று அந்தத் தந்தையைக் கேட்டோம். அடித்த ஆசிரியரின் பெயரைச் சொன்னார். விளாறு ஒடித்த புளியமரம் நின்ற இடத்தைச் சொன்னார். காரணம் மட்டும் அவருக்கு நினைவில்லை.